நடுத்தெருவில் நிறுத்திய தொடர்கதை

ஆசிரியர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் எர்ணாகுளத்தில் தமிழர்கள் கூட்டிய விழாவில், மாலையும் கழுத்துமாக மேடையில் நின்று, அத்தனை பேர் முன்னாலும் பொய் சொன்னீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் உங்கள் வாரப்பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையைப் பாதியில் நிறுத்தியதைப் பெருமையாகச் சொன்னீர்கள். சாக நினைக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணின் கதை அது. பெற்றோர்கள் பயந்துபோய்க் கடிதம் எழுதினார்களாம். விற்பனையைக்கூடப் பார்க்காமல் நிறுத்திவிட்டீர்களாம். அதனால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஒரு கேள்வி கேட்க எழுந்தேன். அதற்குள் தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். நான் எழுந்து நின்றது அதற்காக என்று ஆகிவிட்டது. கீதம் முடிந்ததும் நீங்கள் காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

அதனால் எழுதுகிறேன். நீங்கள் கதையை நிறுத்தியதால் பிழைத்த பிள்ளை யாரையும் எனக்குத் தெரியாது. நிறுத்தியதால் சாகப்போன ஒருத்தியைத் தெரியும்.

அப்போது நான் கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பண்டகசாலை முற்றத்தில் சுக்கு தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். பதினேழு வயது. காய்ந்த இஞ்சியில் சுண்ணாம்பு தூவி வைத்திருப்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பெரியது, சிறியது, உடைந்தது என்று பிரிப்போம். முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வீடு. நான் தமிழ் எழுத்து படித்த பிறகுதான் இங்கே வந்தேன். அவள் வீடு தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ் வீடு. வாயில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் என் அம்மா வாங்கும் உங்கள் பத்திரிகையை நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அவள் பத்தாம் வகுப்பில் தோற்றவள். மறுபடி எழுதினாள், மறுபடி தோற்றாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசவில்லை. அப்பா பேசாததால் வீட்டில் மற்றவர்களும் பேசவில்லை. அடி கிடையாது, திட்டு கிடையாது. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். "துணி நனைஞ்சிட்டிருக்கு" என்று யாராவது பொதுவாகச் சொல்வார்கள். அவள் எழுந்து போய் எடுக்க வேண்டும். "சோறு ஆறுது" என்பார்கள். அது அவளுக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணை இப்படி வைத்திருந்தார்கள். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் வாயைத் திறப்பதில்லை என்பதுதான்.

அந்தக் கதை தொடங்கியபோது வாயைத் திறந்தாள்.

கதையில் வரும் பெண் பெரிய வீட்டுப் பெண். மெட்ராஸ். கார் உண்டு, தோட்டம் உண்டு, தோட்டக்காரன் உண்டு. முற்றத்தில் எங்களை மேய்க்கும் மலையாளிச் சேச்சிக்கு நான் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "இத்ரயும் உண்டாயிட்டு அவள்க்கு எந்தா கேடு?" இத்தனையும் இருந்தும் அவளுக்கு என்ன கேடு என்று.

"கேடு உள்ளே இருக்கு சேச்சி" என்றாள் இவள். பட்டென்று சொன்னாள். சேச்சி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கதையில் அந்தப் பெண் தன் சிநேகிதியிடம், தூங்கினால் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறாள். நான் வாசித்து முடித்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். இவள் திறக்கவில்லை.

"அதை இன்னொரு வாட்டி வாயி."

வாசித்தேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள்.

"என்ன தோணுது?"

"அவ சொன்னதுதான்."

"லூசா நீ? கப்பைக் கிழங்கைத் தின்னு" என்றேன். எனக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான் அவள் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னாள். சொல்லச் சொல்லச் சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துப் பேசுவதை நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆசிரியரே, இதைக் கவனியுங்கள். அந்த எண்ணத்தை உங்கள் கதை அவளுக்குக் கொடுக்கவில்லை. அது முன்னாலேயே இருந்தது. அதைச் சொல்ல வழி இல்லாமல் இருந்தது. வழியைக் கதை கொடுத்தது.

பிறகு வாரா வாரம் அவள் வாழ்க்கை அந்தப் பக்கங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. "அவ என்ன ஆனா? புக்கு வந்துச்சா?" என்று முற்றத்து வாசலிலேயே நிற்பாள். ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள், "அவ போனா நானும் போயிருவேன். அவ இருந்தா பாக்கலாம்." அந்தக் கதாசிரியர் அவளைக் கொல்லக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கொல்லவில்லை. கடைசியாக வந்த அத்தியாயத்தில் அந்தப் பெண் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். எங்கே போகிறாள் என்று இல்லை. தொடரும் என்று போட்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கங்களில் ஒரு துப்பறியும் கதை தொடங்கியிருந்தது. ஒரு அறிவிப்பு இல்லை. மன்னிப்பு இல்லை. அதற்கு அடுத்த வாரம் உங்களைப் பாராட்டி அப்பாக்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. பிள்ளைகளின் மனதைக் கெடுக்கும் குப்பையை அகற்றிவிட்டீர்களாம். நானும் உங்களுக்குக் கார்டு போட்டேன். கெஞ்சி ஒன்று, திட்டி ஒன்று. கதையைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அப்பாக்களின் கடிதத்துக்கு இடம் இருந்த பத்திரிகையில் எனக்கு ஒரு வரிக்கு இடமில்லை.

துப்பறியும் கதை தொடங்கிய அந்த வாரம், வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

கதை நின்றுவிட்டது என்று அவளிடம் சொல்லப்போவதில்லை என்று படகுத்துறையிலிருந்து நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அவளுக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாதே. துப்பறியும் கதைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத கதையை வாசித்தேன்.

எனக்குக் கதை சொல்ல வராது. அந்தப் பெண் தெருவில் இறங்கியதும் செருப்பு வாரை அறுந்துபோக வைத்தேன். செருப்புத் தைக்கிறவனிடம் உட்காரவைத்தேன். ஒரு வாரம் அதிலேயே போயிற்று. அடுத்த வாரம் அவளுக்குப் பசி. அதற்கடுத்த வாரம் மழை. மெட்ராஸை நான் பார்த்ததே இல்லை. அதனால் அவள் படகில் ஏறினாள்.

"மெட்ராஸிலே படகுத்துறை உண்டா?"

"உண்டு."

"நீ போயிருக்கியா?"

"நீ போயிருக்கியா?"

"செரி செரி, வாயி."

அவளைச் சுற்றி ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யார் யாரோ அவளிடம் பேசினார்கள். டிக்கெட் கொடுப்பவன் பேசினான், பூக்காரி பேசினாள், போலீஸ்காரன் வழி கேட்டான். எல்லோரும் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். நல்ல கதையா என்று கேட்டால், மட்டமான கதை. ஆனால் அவள் வாராவாரம் வந்தாள். என்னை நிறுத்திச் சண்டை போட்டாள். "அவ இப்படி இளிச்சிட்டுப் பேசமாட்டா. அவ அந்த ஜாதி இல்லே" என்பாள். நான் பக்கத்தைப் புரட்டுவது போல நடித்து, "இரு, அடுத்ததிலே சரியா வருது" என்பேன்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது தலையை நீட்டிப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"ஏடி, இந்த வாரம் அவளுக்கு மீசை மொளைச்சிருக்கே?"

துப்பறிகிறவரின் படம். கையில் துப்பாக்கி வேறு. நான் பத்திரிகையை மூடினேன்.

"எழுத்துதான் தெரியாது. கண்ணு தெரியும்" என்றாள். சிரிக்கவில்லை. "நிறுத்திட்டாங்களா?"

"ஆமா."

"எப்போ?"

"தெருவிலே இறங்கினாளே, அதோட."

"அப்போ அவ இன்னும் தெருவிலேதான் நிக்கறாளா? ஒருத்தரும் கூட்டிட்டுப் போகலையா?"

செருப்பு அறுந்ததும் மழை பெய்ததும் என்னுடையவை. உங்கள் கதையில் அவள் நடுத்தெருவில்தான் நின்றாள்.

கொஞ்ச நேரம் கையிலிருந்த சுக்கைத் தட்டித் தட்டித் தூளை உதிர்த்தாள். பிறகு, "நீ புக்கைப் பிடிச்சுக்கோ. நான் சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்ன கதையில் அந்தப் பெண் எங்கும் போகவில்லை. வீட்டுக்கே திரும்புகிறாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் நேர்ச்சை செலுத்த வல்லார்பாடம் மாதா கோயிலுக்குப் போகிறார்கள். அன்று அவள் மட்டும் வீட்டில் இருப்பாள். எப்படி என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

மெட்ராஸிலிருந்து இங்கே இருக்கிற வல்லார்பாடத்துக்கு யாரும் நேர்ச்சைக்கு வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இது அவளா, நீயா?" என்று கேட்டேன்.

"நான்."

"இந்த ஞாயிறா?"

"ஆமா."

"நெஜமாவே சாகப்போறியா?"

"ஆமா" என்றாள். சொன்னதும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். இந்த முறை லூசா என்று நான் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். சேச்சியிடம், "நாங்க போறோம், கூலியைக் கொறைச்சுக்கோங்க" என்றேன். சேச்சி எங்கள் முகத்தைப் பார்த்தார். "பொக்கோ, பொக்கோ, பெட்டென்னு பொக்கோ" என்று கையை வீசி அனுப்பிவிட்டார்.

இரண்டு பேரும் சுண்ணாம்புக் கையோடு நேராக அவள் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் போனோம். ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் தணிந்த குரலில் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு சாகப்போறேன்னு சொல்லுது. இந்த ஞாயிறு. நீங்க பேசுங்க."

அவர் தராசைக் கீழே வைக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்து, "கதை வாயிச்சுக் காட்டிக் கெடுக்கற பொண்ணு நீதானே? அதெல்லாம் கேட்டா பின்னே இப்படித்தான் தோணும்" என்றார். பிறகு அரிசி மூட்டையைப் பார்த்து, "வீட்டுக்குப் போறவங்க போகலாம்" என்றார்.

"அப்பா, நான் இங்கேதான் நிக்கறேன்" என்றாள் அவள்.

வெல்லம் வாங்க வந்த ஒருவர், "சேட்டா, பொண்ணு பேசுதுல்ல" என்றார். அவள் அப்பா தராசை வைத்தார்.

"எப்பத்திலேருந்து?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? அவகிட்டே கேளுங்க."

கடைசியில் அவள் பக்கம் திரும்பி, அதே கேள்வியை அவளிடம் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவளை நேராகப் பார்த்து அவர் கேட்டது அதுதான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி முடிபவை உங்கள் பத்திரிகைக் கதைகள். அந்த ஞாயிறு அவளைத் தனியாக விடவில்லை. ரொம்ப நாள் எங்கள் வீட்டில் என் பக்கத்தில் படுத்தாள். என் அம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, இன்றைக்குத் தோன்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் நேராகக் கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சில நாள் ஆமாம் என்றாள். சில நாள் இல்லை என்றாள். இல்லை என்ற நாட்கள் மெல்ல மெல்லக் கூடின. அவள் அப்பா பேசக் கற்றுக்கொள்ள அதைவிட நாளாயிற்று.

இப்போது அவள் இங்கே பள்ளுருத்தியில் இருக்கிறாள். சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் வந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காரவைக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேர் மட்டும் போடாதே. அந்தப் பத்திரிகைக்காரங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் பாக்கணும்" என்றாள்.

ஆசிரியரே, நீங்கள் அந்த அப்பா சொன்னதையே சொன்னீர்கள். அவராவது பிறகு மாறினார். நீங்கள் இன்னும் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சாக நினைக்கும் பிள்ளை உங்கள் பத்திரிகை கிடைக்கும் எல்லா ஊரிலும் இருந்திருக்கும். அவர்களுக்குப் பக்கத்தில் மீசைப் படத்தைப் பிடித்துக்கொண்டு பொய்க்கதை வாசிக்க யார் இருந்தார்கள்? எத்தனை பேர் அந்தத் தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்? உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் கைதட்டல் வாங்க உங்களுக்கு என்ன உரிமை?

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் பத்திரிகையிலேயே, எல்லோரும் வாசிக்கும்படி, அச்சில் பதில் சொல்லுங்கள். கதாசிரியர் மீதிக் கதையை எழுதிக் கொடுத்திருந்தாரா, இல்லையா? கொடுத்திருந்தால் அதில் அந்தப் பெண் உயிரோடு இருந்தாளா? இருந்தாள் என்று தெரிந்தேதான் நிறுத்தினீர்களா? சொல்லுங்கள்.