ரத்தம் வந்தது, சூடு இறங்கவில்லை

முதலில் தெரிந்த அறிகுறி வலி இல்லை. ஓர் எண். 98.2.

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், நாக்குக்கு அடியில் தர்மாமீட்டர் வைத்துப் பார்த்த சூடு அது. என் மருமகள் நித்யா அறையிலிருந்து வந்தாள். "அத்தை, பீரியட் வந்திருச்சு. ஆனா சூடு எறங்கவே இல்ல. எறங்கணும்தானே?" என்று கேட்டாள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "தர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும்டி. வேற வாங்கிக்கலாம்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பதின்மூன்று நாள் அவள் வயிற்றுக்குள் ஓர் ஆபத்து வளர்ந்தது. நான், என் மகன், அவள் மூன்று பேரும் அதன் பக்கத்திலேயே சாப்பிட்டோம், தூங்கினோம்.

வீட்டிலேயே நாள் பார்த்து, சூடு பார்த்துக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும், அவர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற மாமியார்களுக்கும் இதை எழுதுகிறேன். நித்யா படித்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறேன்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். பதிமூன்று வயதில் கார்மென்ட்ஸில் நூல் வெட்டப் போனேன். இன்று விவேக் நகரில் எனக்குச் சொந்தமாகப் பதினெட்டு தையல் மெஷின் ஓடுகிறது. பள்ளிச் சீருடை தைக்கிறோம். டிகிரி முடித்த பையன்கள் என்னிடம் வந்து, "அக்கா, இந்தக் காலர் சரியா இருக்கா?" என்று நீட்டுவார்கள். டேப் வைக்காமலே கால் இஞ்ச் குறைவதைச் சொல்லிவிடுவேன். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கண்ணே கற்றுக்கொண்டது. அந்தக் கண்ணின் மேல் எனக்கு இருந்த கர்வம்தான் இந்தக் கதையின் பாதி.

நித்யா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இரண்டரை வருஷம். டாக்டர், "இப்பவே மருந்து மாத்திரை வேண்டாம், முதல்ல உங்க நாளை நீங்களே தெரிஞ்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் படித்துவிட்டு வந்து எனக்கும் பொறுமையாகச் சொன்னாள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

முட்டை வெளிவரும் நாள் (சினைப்பையிலிருந்து கருமுட்டை விடுபடும் நாள்) எல்லோருக்கும் பதினாலாவது நாள் இல்லையாம். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் வருமாம். விலக்கு தள்ளிப்போகிறவர்களுக்கு அதுவும் தள்ளிப்போகும். அந்தச் சமயத்தில் வெள்ளைபடுவது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இழுத்தால் நூலாக நீளும். முட்டை வந்த பிறகு உடம்புச் சூடு அரை டிகிரி போல ஏறும். கரு தங்காவிட்டால் விலக்கை ஒட்டி இறங்கும். தங்கினால் இறங்காது. மருந்துக் கடையில் ஒரு பட்டையும் விற்கிறார்கள். சிறுநீரில் நனைத்தால், முட்டை வரப்போகும் சமயத்தில் இரண்டு கோடும் அழுத்தமாக விழும்.

தங்கினால் இறங்காது. இதையும் அன்றைக்கே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பிறகு என் வழக்கப்படி வேலையை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் தையல் யூனிட்டில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மணிக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும், எத்தனை முடிந்தது என்று எழுதுவோம். அதே மாதிரி ஒரு பலகை வாங்கி வந்து ஹாலில் மாட்டினேன். நாள், சூடு, பட்டைக் கோடு என்று மூன்று கட்டம்.

என் மகன் தினேஷ் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "அம்மா, இதெல்லாம் ஹால்ல மாட்டற விஷயமா?"

"கண்ணுக்கு முன்னாடி இருந்தாத்தான்டா வேலை நடக்கும்."

யூனிட்டில் பட்டன் தைக்கும் சாந்தம்மா ஒரு நாள் சாவி வாங்க வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்துவிட்டாள். "ஏன்க்கா, வீட்லயும் டார்கெட் போர்டா? ஓவர்டைம் உண்டா இல்லியா?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நித்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதத்தில்தான் அந்த 98.2 வந்தது. வந்த ரத்தமும் சொற்பம், பழுப்பு நிறம். புது தர்மாமீட்டர் வாங்கினேன். அதுவும் 98.2 காட்டியது. மறுநாள் 98.3.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தையலில் டாலரன்ஸ் என்று ஒன்று உண்டு. அளவு சற்றே முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று விடும் இடைவெளி. சரக்கு எடுப்பவர் பரிசோதனைக்கு வரும்போது, ஒரு நூலிழை தாண்டியிருக்கும் பீஸுக்கும் சரியான அளவையே எழுதிவிடுவோம். எழுதி எழுதிப் பழகிய கை இது. பலகையில் 98.2 அசிங்கமாகத் தெரிந்தது. விரலால் அழித்துவிட்டு 97.4 என்று எழுதினேன். விலக்கு வந்தால் என்ன வர வேண்டுமோ அந்த எண். முதல் மூன்று நாளும், பிறகும் அப்படித்தான் எழுதினேன்.

நித்யா பார்த்தாள். "அத்தை, இது நான் சொன்ன நம்பர் இல்லியே."

"மெஷினுக்கும் உடம்புக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்டி. நீ போய்க் குளி."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். என்னை எதிர்த்துப் பேசிய ஆள் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் பட்டையில் இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தன. முட்டை வரப்போகிறது என்று கேசரி கிண்டினேன். பதின்மூன்றாம் நாள் அவளுக்கு இடது அடிவயிற்றில் குத்தியது. முட்டை வெளிவரும்போது சிலருக்கு ஒரு பக்கம் வலிக்கும் என்று கேட்டிருந்தேன். நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தோள்பட்டை நுனியும் வலிக்கிறது என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருந்தால் வலிக்காதா என்று தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அவள் வாயைத் திறக்கும் முன்பே பலகையின் போட்டோவைக் காட்டி எல்லாவற்றையும் நானே சொன்னேன். அந்த டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் நீட்டிய அளவு அப்படி.

மறுநாள் காலை ஏழு மணி. நித்யாவை ஏற்றிப்போகும் கம்பெனி கேப் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தால் நித்யா சுவரோரம் சரிந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன், ஈரத்துணி மாதிரிச் சில்லென்று இருந்தது. தினேஷ் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேப்புக்கே ஓடினான். உள்ளே இருந்த இரண்டு பெண்களும் இறங்கி இடம் விட்டார்கள். "மேடம், ஆபீஸ் லாகின் கீகின் எல்லாம் நான் பேசிக்கறேன், நீங்க ஏறுங்க" என்றார் டிரைவர் என்னிடம்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே லேடி டாக்டர் கேட்டார். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. "லாஸ்ட் பீரியட் யாவாக? எப்போ வந்தது?"

"பதினாலு நாள் ஆச்சு டாக்டர். எல்லாம் சார்ட் போட்டு வச்சிருக்கோம்" என்றேன் நான்.

"அம்மா, நான் அவங்களைக் கேட்டேன்."

நித்யா கண்ணைத் திறக்காமலே பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "சூடு... எறங்கவே... இல்ல டாக்டர்."

"சார்ட்ல எறங்கியிருக்கே?" போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

நடைபாதையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். என் மகன் என்னைப் பார்த்தான். போட்டோவில் இருந்த 97.4-ஐ விரலால் காட்டினேன். "அது நான் எழுதினது டாக்டர். அவ சொன்னதை அழிச்சிட்டு நான் மாத்தி எழுதினேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நர்ஸிடம் திரும்பி ஏதோ சொன்னார். சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் உடனே நடந்தன. கருக்குழாய்க் கர்ப்பம் (கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல், வழியிலுள்ள குழாயிலேயே தங்கி வளர்வது). குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோள்பட்டை நுனியில் வலி தெரியுமாம். நான் தைலம் தேய்த்த இடம். வந்தது விலக்கே இல்லை. கர்ப்பமாக இருந்தால் அந்தப் பட்டையிலும் இரண்டு கோடு விழலாமாம். நான் கேசரி கிண்டிய கோடு.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா?" என்று தினேஷ் கேட்டான்.

"அதைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நீல நாற்காலி. எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் வெளியே வந்தாலும் முகத்தைப் பார்க்கப் பயந்து செருப்பைப் பார்த்தேன். சாமி கும்பிடக்கூட வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? தினேஷ் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் அவன் வந்து உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இடது குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கழற்றச் சுவரருகே போனேன். ஆணிதான் இருந்தது. தினேஷ் முன்பே கழற்றியிருந்தான்.

அதோடு முடிந்துவிடவில்லை. கர்ப்ப ஹார்மோன் (கரு தங்கினால் ரத்தத்தில் சுரப்பது) முழுசாக மறையும்வரை வாரா வாரம் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. எண் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன். நித்யா சந்தோஷப்பட்டுவிட்டு அழுவாள். அந்த எண் இறங்குவது என்றால் என்னவென்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் தலை வாரிவிட்டபோது, "என்னை மன்னிச்சிருடி" என்றேன். அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "நான் சத்தமா சொல்லியிருக்கணும் அத்தை" என்றாள். அது எனக்கு அறை வாங்கியதைவிட வலித்தது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டில் நாள் பாருங்கள், சூடு பாருங்கள், நல்லதுதான். ஆனால் ரத்தம் வந்தும் சூடு இறங்காவிட்டால், ரத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், கர்ப்பச் சோதனை செய்துகொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரு பக்க வயிற்றுவலியோடு தோள் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிஷமும் உட்காராதீர்கள். அந்தப் பெண் சொல்லும் எண்ணை அவளைத் தவிர யாரும் எழுத வேண்டாம்.

ஒரு குழாய் இருந்தாலே போதும், சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நித்யா மறுபடி நாள் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்பதில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று வாழ்நாள் முழுக்க நேரத்தை அளந்தவள் நான். இப்போது ஒரு நாள் என்றால் அவள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவது, அவ்வளவுதான். எனக்கு விலக்கு நின்று பத்து வருஷம் ஆகிறது. ஆனாலும் அவள் குனிந்து நிமிர்ந்தால் என் இடது அடிவயிறு சுருக்கென்கிறது.

போன வாரம் கேப்பிலிருந்து இறங்கியவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டே படியேறினாள். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. பசிக்குது, அவ்ளோதான்."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. எழுந்த கையை இறக்கிக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே நம்பி, உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.