தயிர்ச்சோறு தின்ற ஆமைக்குஞ்சு

எங்கள் குளத்துக் காவல்காரர் எதையும் தொடுமுன் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். எங்கள் தாலுகா தமிழகத்தோடு சேர்ந்த 1956 ஐப்பசியில், மகள் வளர்த்த ஆமைக்குஞ்சின் ஓடு இளகிவிட்டதென்று அவரிடம் காட்டினேன். விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“என்ன தீனி, அண்ணாச்சி?”

“தயிர்ச்சோறு. சைவ வீட்டுல வேறென்ன?”

“ஆமைக்கு ஆரு தீட்சை குடுத்தா? பொடிமீனை முள்ளோட தின்னணும், வெயில் காயணும். அப்பந்தான் ஓடு கெட்டிப்படும். நான் கொண்டாறேன்.”

“கந்தசஷ்டி விரதம். ஆறு நாள் கழியட்டும். அதுவரை ஓர் உயிரைக் கொல்ல மாட்டேன்” என்றேன்.

ஐந்தாம் நாள் குஞ்சு செத்துப்போனது.

ஏழாம் நாள் அவர் மீனோடு வந்தார். விஷயம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, அழுத மகளின் தலையைத் தடவினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால், முருகன் முன்னால் நிற்க எனக்கு இத்தனை கூச்சம் இருந்திருக்காது.