முள் இறங்கும்வரை

என்ஜினை நிறுத்திவிட்டால் எண்ணெயும் அடங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். ஆறுமுகநேரி உப்பளம், செங்கல் பிரஸ், கரும்பு ஆலை என்று சுற்றிவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டில், எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஹைட்ராலிக் ஃபிட்டராக ஒட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், கண்டெய்னர் தூக்கும் வண்டி ஒன்று பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டது. பூம் என்கிற அதன் தூக்குக் கை இறங்கவில்லை. ஆபரேட்டர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பெட்டிக்குக் கீழே விளாத்திகுளத்துக்காரர் ஒருவரின் டிரெய்லர். அவர் கேபினிலேயே உட்கார்ந்திருந்தார்.

பூமுக்கு எண்ணெய் போவது மானிஃபோல்டு பிளாக் வழியாக. அது ஓர் இரும்புக் கட்டி. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளைத்த பாதைகள். எண்ணெய் எந்தப் பக்கம், எவ்வளவு போக வேண்டும் என்பதை அதில் முடுக்கியிருக்கும் வால்வுகள் தீர்மானிக்கும். அழுத்தம் மிஞ்சினால் ரிலீஃப் வால்வு டேங்குக்குத் திருப்பிவிடும். செக் வால்வு, தூக்கிய சுமை கீழே வராமல் எண்ணெயைப் பிடித்து வைக்கும். பைலட் என்ற சிறு துளை வழியாக எண்ணெய் வந்து தள்ளினால்தான் அது திறக்கும்; பூம் இறங்கும்.

என்னோடு வேலை பார்த்த சவரி அந்தச் செக் வால்வில் ஸ்பானரைப் போட்டான். பிளம்பராக இருந்து வந்தவன்.

"ஏலே, நில்லு. கேஜ் மாட்டிப் பாப்போம்" என்றேன். கரும்பு ஆலையில் அழுத்தம் பார்க்காமல் இப்படித் திறந்த ஒருவருக்குக் கை போனதைப் பார்த்திருக்கிறேன்.

"என்ஜின்தான் ஆஃப் ஆயிட்டுல்லா. மோட்டாரை நிறுத்துனா குழாய்ல தண்ணி வருமாலே?"

"மாடியில டேங்க் இருந்தா வரும்லா."

அவன் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தான்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "ரெண்டு பேரும் பட்டிமன்றம் நடத்துதியளோ? அங்க கப்பல்காரன் கத்துதான்."

கேஜை மாட்டினேன். முள் பாதியைத் தாண்டிப் போய் நின்றது. சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் போனார். சவரி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டிரெய்லர்காரரிடம் போனான்.

"அண்ணாச்சி, வண்டிய முன்னால எடுங்க."

"வரிசை போயிரும்யா. காலையிலேர்ந்து பட்டினியாக் கெடக்கேன்."

"வரிசை போனா நாளைக்குக் கெடைக்கும். நீங்க போனா?"

அவர் வண்டியை எடுத்தார். எல்லோரையும் விலக்கிவிட்டு, பக்கவாட்டில் நின்று, அடைபட்ட எண்ணெயைக் கையால் டேங்குக்கு விடும் எமர்ஜென்சி ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பெட்டி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பிளாக்கைத் திறந்தோம்.

பைலட் துளையை ஒரு வெள்ளைப் பிசிறு அடைத்திருந்தது. தண்ணீர்க் குழாய் மரையில் சுற்றும் டேப். ஓரிங் என்ற ரப்பர் வளையம் உள்ள ஃபிட்டிங்குக்கு அது தேவையே இல்லை.

சவரி அதை விரலில் எடுத்துப் பார்த்தான். "போன வாரம் ஓஸ் மாத்தும்போது நான் சுத்துனதுலே" என்றான்.

அப்போது டிரெய்லர் டிரைவர் தேடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்து சொன்னியே, தம்பி. நல்லா இருப்ப." பிசிறு அந்தக் கைக்குள்தான் இருந்தது.

நான் வேறு ஊர் வந்துவிட்டேன். சவரி அங்கேதான் இருக்கிறான். முதலில் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பான். அடுத்து முள்ளைப் பார்ப்பான். ஸ்பானரை எடுப்பது அதற்குப் பிறகுதான். வேலைக்கு வருகிறவர்கள் இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.