கோட்டைத் தாண்டிய பந்து

சென்ற சனிக்கிழமை காலை முருகேசன் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் தொழிலாளர் கேம்ப் அறையில் அவருடன் தங்கியிருந்த நேபாளி. "முருகேசன் மாஃபி, பாய்," என்றார். இங்கத்து அரபியில் மாஃபி என்றால் இல்லை. அறையில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, "கிதர் கயா?", எங்கே போனார் என்று கேட்டேன். "கலாஸ், பாய்," முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதார். டூட்டிக்குக் கிளம்பி, கேம்ப் வாசலில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. துக்கம் பிறகு வந்தது. ஏன் என்று கல்லூரித் தோழர்களான உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் தோஹா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நம் திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரியில் எனக்கு ஆறு ஆண்டு மூத்தவர். அங்கேயும் கோல்கீப்பர், இங்கே நம் பழைய மாணவர் கால்பந்து அணிக்கும் அவரே. நாற்பத்தாறு வயதில் பந்துக்குப் பாய்ந்து விழுந்துவிட்டு, "எலும்பு இன்னும் நம்ம கட்சிதான்பா," என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவார்.

கடந்த ஆண்டுக் கடைசி ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். எதிரே நம் ஊரின் இன்னொரு கல்லூரியின் பழைய மாணவர்கள். டிரா ஆனாலே கோப்பை நமக்கு. வேறு வளைகுடா ஊர்களான ஃபர்வானியாவிலும் யான்புவிலும் இருக்கும் நம்மவர்கள் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் கோல் இல்லாமல், முடியச் சற்று நேரம் இருக்கும்போது, உருண்டு வந்த பந்தை அண்ணன் கோட்டருகே விழுந்து பிடித்தார். ஆட்கள் மறைத்ததால் நடுவருக்குத் தெரியவில்லை. அவர் அண்ணனையே பார்த்தார். அண்ணன் எழுந்து, வலது கையை உயர்த்தி, "கோல்" என்றார்.

"ஏண்ணே, வாய மூடிக்கிட்டு இருந்தா கப்பு நம்ம கையில இருந்திருக்கும்ல?" என்று கத்தினேன்.

"கோட்டத் தாண்டிருச்சுப்பா. யாரும் பாக்கலைன்னா என்ன? பிடிச்ச கைக்குத் தெரியாதா?"

எல்லோருக்கும் சேர்த்து அவர் கேம்ப்பிலிருந்து ஓர் அண்டா பிரியாணி செய்து கொண்டுவந்திருந்தார். "தோத்தா வயிறு பசிக்காதா? வாங்கப்பா," என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் தட்டைத் தொடவில்லை. நானும்தான்.

மறுநாள் மதியம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கை உயர்த்தி நிற்கும் அண்ணன், மேலே சிவப்பு எழுத்தில் "கோல்கீப்பர் மாஃபி." எங்கிருந்தோ வந்தது என்று சொல்லி அதைப் போட்டவன் நான். மைதான ஓரத்தில் நின்று எடுத்ததும், அதில் எழுதியதும் நானேதான். சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. அதன்பின் அவர் "மாஃபி அண்ணன்" ஆனார். அடுத்த சீசனுக்கு வேறு கோல்கீப்பரைப் பார்ப்போம் என்றும் முடிவு செய்தோம். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கையுறையோடு பயிற்சிக்கு வந்தவர், அவர் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்த்தார். வலைக்குப் பின்னால் போய்ப் பந்து எடுத்துப் போட்டார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற ஆளு. இந்தப் படத்த யாரு பண்ணுனதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"எதுக்குண்ணே?"

"சண்டைக்கில்லப்பா. படத்துல கை நல்லா வந்திருக்கு. எழுத்து இல்லாம அவன்கிட்ட இருக்கும்ல? அப்பா வெளையாடுற போட்டோ ஒண்ணு அனுப்புன்னு என் மக கேட்டுச்சு."

எழுத்தில்லாத படம் என் சட்டைப்பையில், போனில்தான் இருந்தது. கொடுத்தால் செய்தவன் யார் என்று தெரிந்துவிடும். "முடியாதுண்ணே," என்றேன்.

"சரி, கெடக்கட்டும். அடுத்த வருசம் வேற எடுத்துக்கலாம்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த ஆண்டுக் கோப்பையை அவருக்காக வெல்ல வேண்டும் என்று குழுவில் எல்லோரும் எழுதுகிறீர்கள். ஆடுவோம். அதற்கு முன், உங்களில் யாரும் பார்க்காத ஒன்றை நானே சொல்ல வேண்டியிருந்தது. நான் செய்தது கோட்டைத் தாண்டிவிட்டது. செய்த கைக்குத் தெரியும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த உயர்த்திய கையைத்தான். படத்தை நேற்று அவர் மகளுக்கு அனுப்பிவிட்டேன். யார் எடுத்தது, ஏன் இத்தனை தாமதம் என்பதையும் கீழே எழுதினேன். பார்த்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.