அவள் சொல்லச் சொன்னது

நர்ஸிங் படிப்புக்கான நேர்காணலுக்குக் காஞ்சிபுரத்தில் காத்திருந்தபோது, சாலவாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒல்லியான பெண் என் அருகில் உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையையும் பிடித்தாள்.

"இன்னா இப்டி அடிக்குது? பயப்படாத, உனக்குக் கண்டிப்பா கெடைக்கும்."

சாதிச் சான்றிதழில் முத்திரை இல்லையென்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். "உத்திரமேரூர் ஆபீஸ்ல வாங்கினு வந்துர்றேன். உள்ள கேட்டா, வருவான்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

உள்ளே அதிகாரி கேட்டார். "பக்கத்துல இருந்த பொண்ணு திரும்பி வருமாம்மா?"

மீதமிருந்த இடங்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். "தெரியலை சார்" என்றேன்.

எனக்கு இடம் கிடைத்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, உடனே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். எத்தனையோ வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.