ஒரு ‘ஹவ்’வும் ஆறு தையலும்

அலுவலக வேலையாகப் பறந்து பறந்து எட்டு வருடங்களாகச் சேர்த்த விமான மைல்களை வைத்து, மனைவி சுதாவோடு நியூசிலாந்து போக நினைத்தேன். டிக்கெட் போட வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். நடுவில் காலிங் பெல் அடிக்கவே, போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் பார்த்தால் மைல்கள் பூஜ்யம். எல்லாம் ஷாப்பிங் கூப்பன்களாக மாறியிருந்தன. உடனே புகார் அனுப்பினேன்.

நான் திருச்சிக்காரன். சுதா ஹைதராபாத் குகட்பள்ளியில் வளர்ந்தவள். ‘ஆமாம்’ என்பதற்கு அந்த ஊர் இந்தி வழக்கப்படி ‘ஹவ்’ என்பாள்.

“அவன் கேட்டதுக்கெல்லாம் ஹவ் ஹவ்னு சொல்லித் தொலைச்சியா?” என்று கத்தினேன்.

“இல்லங்க, எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கவே இல்ல.”

கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவள் முகத்தில் வீசி அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது.

ஆறு தையல். கண் மயிரிழையில் தப்பியது. “வழுக்கி விழுந்தீங்களா?” என்று டாக்டர் இந்தியில் கேட்டார். சுதா என்னைப் பார்க்காமலே, “ஹவ்” என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, புகாருக்குப் பதிலாக அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வந்தது. “மைல்களைக் கூப்பனா மாத்தலாம் சார், மாத்தட்டுமா?” என்று இந்தியில் ஒரு குரல். அது எப்படி என்று புரியாமல் நான் ஆங்கிலத்தில் கேட்கிறேன்: “ஹவ்?”

“ஓகே சார், மாத்திட்டேன்.” அவன் அதைச் சொல்லும்போதுதான் காலிங் பெல் அடிக்கிறது; அந்தச் சத்தத்தில் அன்று அது என் காதில் விழவில்லை.

இப்போதெல்லாம் போனில் ‘எப்படி’ என்பதை இந்தியில் ‘கைஸே’ என்றுதான் கேட்கிறேன். சுதாவின் புருவத்தில் என்ன தழும்பு என்று யாராவது கேட்டால், அவள் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிடுகிறேன்: “நான் அடிச்சது.”