மஞ்சாவ் சூப், ஒன் பை டூ

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் சைனீஸ் சாப்பிடப் போவோம். தாராவியில் பஸ் ஏறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினால் ஒரு குறுகலான மாடிப்படி. மேலே சிவப்பு விளக்குகள் தொங்கும். அங்கே இருந்த வெயிட்டர் எனக்கு மெனு கார்டு கொண்டுவரமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, "சேட், வஹீ?" என்பார். அதேதானா என்று அர்த்தம். நானும் "வஹீ" என்பேன். அவ்வளவுதான் ஆர்டர்.

அந்த 'வஹீ'க்குள் என்ன இருந்தது என்றால், ஒரு மஞ்சாவ் சூப், அது ஒன் பை டூ, அதாவது ஒரு சூப்பை இரண்டு கிண்ணமாகப் பிரித்துத் தருவார்கள். ஒரு சிக்கன் சில்லி. பெரிய தட்டில் ஒரு டிரிபிள் ஷெஸ்வான் ரைஸ். சூப்பில் ஒரு கிண்ணம் எனக்கு. இன்னொன்றைப் பிள்ளைகள் இருவரும் ஸ்பூனுக்குச் சண்டை போட்டுக்கொண்டு குடிப்பார்கள். என் மனைவிக்கு சூப் பிடிக்காது. வாரத்தில் ஆறு நாள் கார்கானாவில், அதாவது தோல் பட்டறையில், முதலாளி சொல்வதைக் கேட்டுத் தோல் வெட்டுகிறவனுக்கு, ஏழாவது நாள் அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்வதில் எவ்வளவு சுகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பமே சாப்பிட்டு எழும்.

அந்தக் கடை இப்போது இல்லை. மாடிப்படி இருக்கிறது, மேலே கண்ணாடி விற்கிறார்கள்.

மகளுக்கு ஆபீஸில் பதவி உயர்வு வந்ததற்கு அவள்தான் எங்களை செம்பூரில் ஒரு சைனீஸ் ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ரொம்ப உசந்த இடமும் இல்லை, மட்டமும் இல்லை. என்னைப் போன்ற ஆள் வாசலில் ஒருமுறை செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைகிற மாதிரியான இடம். மகனும் மகளும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நான் சுவரோரம். என் மனைவி எனக்கு எதிரே. எனக்கு நேர்ப் பார்வையில் மெனு கார்டும் இல்லை, வெயிட்டரும் இல்லை. மேஜை நடுவில் ஒரு டேப்லெட் நின்றுகொண்டிருந்தது.

"யாரைக் கூப்பிடணும்?" என்றேன்.

"யாரையும் கூப்பிட வேண்டாம்ப்பா. இதுல அவங்கவங்களுக்கு வேணும்கிறத போட்டா போதும். இங்க எல்லாமே ஒரு ஆளுக்கு ஒரு பவுல்தான்," என்றான் மகன்.

அவன் இரண்டு தட்டுத் தட்டினான், அவன் வேலை முடிந்தது. மகள் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு டேப்லெட் என் மனைவியிடம் போனது. மகள் உதவிக்குக் கையை நீட்டினாள். இவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால், அவசரமே இல்லாமல், வேண்டியதைத் தொட்டாள். எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்றும் தெரியவில்லை. பிறகு டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

இங்கே என் விரலைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் தோலும் அதை ஒட்டுகிற சொல்யூஷனும் பட்ட விரல். நுனி காய்த்துப்போய் வழுவழுவென்று இருக்கும். கண்ணாடித் திரைக்கு அது விரலாகவே தெரியவில்லை. படங்களெல்லாம் நன்றாகத் தெரிந்தன. எழுத்துகள் ஆங்கிலம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் ஏழாவது வரை படித்த எனக்கு அதைக் கூட்டிப் படிக்க நேரம் வேண்டும். மஞ்சாவ் சூப்பின் படத்தைக் கண்டுபிடித்துத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினேன். படம் விலகி ஓடி, ஏதோ ஐஸ்க்ரீம் வந்து நின்றது. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். ஐஸ்க்ரீம் அசையவில்லை.

"போட்டாச்சாப்பா?" என்றான் மகன். கண் அவனுடைய போனில் இருந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இந்தச் சனியன் என் விரலுக்கு அசையமாட்டேன் என்கிறது, நீ போடு என்று சொல்லியிருக்கலாம். நான் "ம்" என்றேன். வெட்கம்தான், வேறென்ன. அவன் டேப்லெட்டை வாங்கி ஒரு பட்டனை அமுக்கினான். திரையில் ஒரு சமையல்காரப் பொம்மை வந்து கரண்டியை ஆட்டியது. ஆர்டர் போய்விட்டது. அதில் எனக்கென்று ஒன்றுமில்லை.

அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. இன்னொரு முறை போடுவதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? ஆனால் வெட்கம் போன இடத்தில் எனக்கு வீம்பு வந்து உட்கார்ந்தது. வருகிற மூன்று பவுலில் எனக்கு ஒன்றும் இல்லை என்பதை யார் முதலில் கவனிக்கிறார்கள், பார்த்துவிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டேன். மகள் என்று நினைத்தேன். அவள்தான் சின்ன வயதில் நான் வராமல் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

சாப்பாட்டை ஒரு பெண் கொண்டுவந்து வைத்தாள். மகனுக்கு நூடுல்ஸ். மகளுக்குப் பூண்டு வறுத்துப் போட்ட சோறு. என் மனைவிக்கு ஒரு கிண்ணம் நிறைய மஞ்சாவ் சூப், மேலே பொரித்த நூடுல்ஸ் தூவி, கூட ஒரு சின்னத் தட்டில் சிக்கன். பெண் போய்விட்டாள். டேப்லெட்டில் மூன்று பச்சை அடையாளங்கள் விழுந்தன. அந்த இயந்திரத்துக்குக் கணக்குச் சரியாகிவிட்டது.

மகள் போனை எடுத்து மேஜைக்கு மேலே பிடித்தாள். "அப்பா, கைய கொஞ்சம் எடுங்க. போட்டோல வருது."

எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர்கள் சாப்பிட்டார்கள், பேசினார்கள். ஆபீஸில் யாரோ ஒருத்தரைப் பற்றிப் பாதி ஹிந்தியில் பேசிச் சிரித்தார்கள். என் முன்னால் வெள்ளைத் தட்டு, அதன்மேல் விசிறி மாதிரி மடித்த காகிதம். அதைப் பிரித்து நாலாக மடித்தேன், பிறகு எட்டாக. வினிகரில் போட்ட கோஸ் ஒரு கிண்ணத்தில் இருந்தது, அதில் இரண்டு துண்டு தின்றேன். "உங்களோடது லேட்டாகுதோ?" என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. மகன் நடுவில் ஒரு கரண்டி நூடுல்ஸை எடுத்து, "டேஸ்ட் பாருங்கப்பா," என்று நீட்டினான். "வேண்டாம்லே," என்றேன். சரி என்று தன் வாயில் போட்டுக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வயிற்றுப் பசியும் பெரிதாக இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு கை தூரத்தில், ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு தனிமையை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. ஊரிலிருந்து பதினாறு வயதில் தனியாக தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்றுகூட இல்லை.

எதிரே பார்த்தேன். என் மனைவி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். சூப் பிடிக்காத என் மனைவி. ஒவ்வொரு ஸ்பூனையும் ஊதி, கண்ணை லேசாக மூடி, ருசித்து. கடைசியில் கிண்ணத்தைச் சரித்து அடியில் கிடந்ததையும் வழித்தாள். நான் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்தாள். என் தட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு லேசானது.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

தலையாட்டினேன். ஊற்றினாள். குடித்தேன்.

கடைசியில் டேப்லெட்டில் ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. மகள் ஐந்தையும் தொட்டாள். "எல்லாரும் நல்லா சாப்பிட்டீங்கல்ல?" என்று பொதுவாகக் கேட்டாள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் அங்கிருந்தே நண்பர்களைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் பஸ் பிடித்தோம். என் மனைவிக்குப் பெண்கள் சீட் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாராவி வரை நின்றேன். வயிறு அப்போதுதான் சத்தம் போட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். அவள் கால் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டில் சோறும், சட்டியில் சூடு பண்ணிய முந்தின நாள் மீன் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"என்னதிது?" என்றேன். "இப்பதான ஓட்டல்ல சாப்பிட்டு வந்தோம்."

"நாங்க சாப்பிட்டோம்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நீ பாத்தியா?"

"பாத்தேன். அவன் பட்டன அமுக்கும்போதே பாத்தேன்."

"பெறவு ஏன் சொல்லல?"

"நீங்க எதுவும் வேணும்னு சொல்லலியே. வாயத் தொறந்து கேப்பீயன்னு இருந்தேன்." சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை. குழம்பில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மணி நேரம் என்னைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாளே என்று வந்த கோபம். அதை நேராகக் காட்டத் தெரியாமல் வேறு எதையோ கேட்டேன். "ஒனக்கு சூப்பு பிடிக்காதுன்னுல்லா சொல்லுவ? இன்னைக்கு அந்தக் குடி குடிக்க?"

நான் கேட்பது நிஜமாகத்தானா என்று பார்ப்பவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"ஒன் பை டூன்னு சொன்னா ரெண்டு கிண்ணந்தான் வரும். ஒண்ணு பிள்ளையளுக்கு, ஒண்ணு ஒங்களுக்கு. பிடிக்காதுன்னு சொல்லாம வேற என்ன சொல்ல?"

அந்த மாடியில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறோம். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் தன் தட்டுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள்? காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாளா? எவ்வளவு முயன்றும் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் என் ஞாபகத்தில் வரவில்லை. வெயிட்டரின் முகம் வந்தது. 'வஹீ' என்று நான் சொன்ன தோரணை வந்தது. அவள் வரவில்லை. ஒருமுறைகூட அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை என்பது மட்டும் வந்தது.

"ஒனக்குக் கஷ்டமா இல்லியா?" என்றேன்.

"மொதல்ல இருந்துது," என்றாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "பெறவு பழகிரும். சாப்பிடுங்க, ஆறுது."

தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நேரமாகிவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் தட்டைப் பார்த்தேன். சோற்றின் மேல் மீனின் நடுத்துண்டு இருந்தது. இந்த வீட்டில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான். மீன் தலை மகனுக்கு. அவள் எந்தத் துண்டைத் தின்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.